தீவாந்தர தண்டனையில் சிட்னிக்குப் போன பரங்கிமலைச் சிப்பாய்: இங்கிலாந்தில் அவர் ஊரை எப்படித் தேடுவது?

பெரம்பூர்வாசி:

வணக்கம். பூர்வீகம் தேடுகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

என் அம்மாவைப் பெற்ற பாட்டி ஆங்கிலோ இந்தியர். பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர். தமிழரான எங்கள் தாத்தாவைக் கல்யாணம் செய்துகொண்டு அயனாவரத்தில் குடித்தனம் நடத்தினார். வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. "நம்ம குடும்பத்துக்கு முதல் ஆள் பரங்கிமலை பீரங்கிப் படையில் இருந்தவர். சீமைக்குத் திரும்பும்போது கப்பல் முழுகிப் போயிட்டார்." பாட்டி இதை ஒரு வார்த்தை மாறாமல் அப்படியே சொல்வார்.

பாட்டி போன பிறகுதான் தேட ஆரம்பித்தேன். பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களைத் தேட உதவும் ஃபிபிஸ் தளத்தில், பரங்கிமலையில் 1830-இல் நடந்த ஒரு ஞானஸ்நானம் கிடைத்தது. அப்பா வில்லியம், கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ஆர்ட்டிலரியில் (பீரங்கிப் படையில்) கன்னர், அதாவது சாதாரணச் சிப்பாய். அம்மா மேரி. குடும்பப் பெயரை இங்கே போட வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். 'பி'யில் தொடங்கும், மிகச் சாதாரணமான ஆங்கிலப் பெயர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பெயரும் ஞானஸ்நானத் தேதியும் எங்கள் குடும்ப பைபிளில் எழுதியிருப்பதோடு சரியாகப் பொருந்துகின்றன.

கப்பல் முழுகவில்லை. 1833-இல் சிட்னியில் இறக்கப்பட்ட கைதிகளின் இன்டென்ட் பட்டியலில் (ஒவ்வொரு கைதியின் விவரமும் அங்க அடையாளமும் எழுதிய பட்டியல்) அவர் இருக்கிறார். அந்த ஒரு வரியை அப்படியே தமிழில் தருகிறேன்:

வயது 27. எழுதவும் படிக்கவும் தெரியும். புராட்டஸ்டன்ட். மணமானவர், ஆண் பிள்ளை ஒன்று. பிறந்த இடம் டிரோபிரிட்ஜ், வில்ட்ஷயர். தொழில் நெசவாளி, சிப்பாய். குற்றம், மேலதிகாரியிடம் கலகத்தனமாக நடந்தது. விசாரணை மெட்ராஸில், கோர்ட் மார்ஷல் (ராணுவ நீதிமன்றம்), 1832. தண்டனை 7 ஆண்டு. உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். வெளுத்த முகம், அம்மைத் தழும்பு, சாம்பல் நிறக் கண். இடது முன்கையில் ஹெச் பி, எஸ் பி என்று பச்சை, அதன் கீழே நங்கூரம்.

அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவருடைய கண் என்ன நிறம், கையில் என்ன பச்சை குத்தியிருந்தார் என்பதுவரை இருநூறு வருஷமாக ஒரு தாளில் பத்திரமாக இருக்கிறது. அவர் இங்கே விட்டுப்போன மேரியைப் பற்றிப் பரங்கிமலைப் பதிவேட்டில் இருப்பது அந்த ஒரு பெயர்தான். அப்பா பெயர் இல்லை, ஊர் இல்லை. அவள் தமிழ்ப் பெண் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவளைத் தேடுவதற்கும் இவரிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, டிரோபிரிட்ஜில் 1806-ஐ ஒட்டி அதே பெயரில் இரண்டு குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது என்று ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளம் காட்டுகிறது. ஒருவனுக்குப் பெற்றோர் ஜான், ஹன்னா. இன்னொருவனுக்கு தாமஸ், பெட்டி. எங்கள் ஆள் யார் என்று எப்படி முடிவு செய்வது? இரண்டு, அவர் வழக்கின் விவரம் எங்கே கிடைக்கும்?

கடலோடி:

அக்கா, நல்ல தேடல். தீவாந்தரக் கைதிகளைப் பற்றிப் பொதுவாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1788 முதல் 1868 வரை பிரிட்டனும் அயர்லாந்தும் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய கைதிகள் ஏறத்தாழ ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர். லண்டன் வழக்கு என்றால் ஓல்ட் பெய்லி ஆன்லைன் தளத்தில் 1674 முதல் 1913 வரையிலான விசாரணைகளை இலவசமாகத் தேடலாம். வெளியூர் வழக்கு என்றால் அசைஸ், குவார்ட்டர் செஷன்ஸ் என்ற வட்டார நீதிமன்றங்களின் பதிவுகள். கப்பல் வாரியான பட்டியல் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், எச்.ஓ. 11 என்ற வரிசையில் இருக்கிறது. மாவட்ட வாரியான குற்றப் பதிவேடு எச்.ஓ. 27, 1805-இல் தொடங்குகிறது. முதலில் இவற்றைப் பாருங்கள்.

எழும்பூர் காகிதம்:

தம்பி கடலோடி சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் இவர் விஷயத்தில் அங்கே ஒன்றும் கிடைக்காது. எச்.ஓ. 11 இங்கிலாந்திலிருந்து கிளம்பிய கைதிக் கப்பல்களின் பட்டியல். இவர் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பும்போது கைதி இல்லை, சம்பளத்துக்குச் சேர்ந்த சிப்பாய். குற்றம் சாட்டியது, விசாரித்தது, கப்பலேற்றியது எல்லாம் இந்த மெட்ராஸில். இந்தியாவிலிருந்த வெள்ளைச் சிப்பாய்கள் பலர் கோர்ட் மார்ஷலில் தண்டனை பெற்று இப்படி நியூ சவுத் வேல்ஸுக்குப் போயிருக்கிறார்கள். ஓல்ட் பெய்லியிலும் வில்ட்ஷயர் அசைஸிலும் வருஷக்கணக்கில் தேடினாலும் இவர் நிழல்கூடத் தெரியாது.

அம்மா, நீங்கள் இவரைக் கைதி என்பதை மறந்துவிட்டு முதலில் சிப்பாயாகத் தேடுங்கள். அதிலும் எந்தச் சிப்பாய் என்பது ரொம்ப முக்கியம். ராஜாவின் ரெஜிமென்டில் இருந்தவர் என்றால் கியூவில் டபிள்யூ.ஓ. (போர் அலுவலக) வரிசைகளில் தேட வேண்டும். உங்கள் ஆள் மெட்ராஸ் ஆர்ட்டிலரி. அது கம்பெனிப் படை, தலைமையிடமே பரங்கிமலைதான். கம்பெனிக்காரர்களின் காகிதம் கியூவில் இல்லை, பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கிறது. இரண்டு வரிசை குறித்துக்கொள்ளுங்கள். எல்/மில்/9-இல் ஆள் சேர்ப்புப் பதிவேடுகளும் கப்பலேறும்போது எழுதிய பட்டியல்களும் உண்டு. எல்/மில்/11 மெட்ராஸ் படையின் மஸ்டர் ரோல், வருஷா வருஷம் யார் எந்தப் பிரிவில், எந்த ஊரில் என்று சொல்லும்.

உங்களுக்கு வேண்டியது எல்/மில்/9. அந்தக் காலத்தில் கம்பெனிக்குச் சேர்ந்த ஆட்களை மெட்வே நதிக்கரையிலுள்ள சாத்தம் டிப்போவில் வைத்துப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். 1843-க்குப் பிறகுதான் டிப்போ எசெக்ஸிலுள்ள வார்லிக்குப் போனது. டிப்போ குமாஸ்தா ஒவ்வொரு ஆளிடமும் கேட்டு எழுதியிருப்பான்: வயது, உயரம், முகம், தொழில், பிறந்த கவுன்டி (மாவட்டம்), பிறந்த பாரிஷ் (சர்ச் வட்டாரம்). இன்டென்டில் 'டிரோபிரிட்ஜ்' என்று இருப்பதை நான் அப்படியே நம்ப மாட்டேன். பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன், கேட்பவனுக்குத் தெரிந்த பெரிய ஊர்ப் பெயரைச் சொல்வது வழக்கம். நம்மில் யாராவது டெல்லியில் போய் மணிமங்கலம் என்று சொல்வோமா, சென்னை என்றுதானே சொல்வோம். டிப்போ புத்தகமும் சிட்னிப் பட்டியலும் ஒரே பாரிஷைச் சொன்னால் நிம்மதி.

ஞானஸ்நானக் குழப்பத்துக்கு வருகிறேன். இரண்டு வில்லியம் இருந்தால் முதல் வேலை, அதே பதிவேட்டில் அடக்கப் பக்கங்களைப் பார்ப்பது. அந்தக் காலத்தில் கைக்குழந்தைச் சாவு அவ்வளவு அதிகம். இரண்டில் ஒருவன் ஒரு வயதுக்குள் அடக்கமாகியிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அடுத்து தம்பி தங்கைகள். 1813 ஜனவரி முதல் இங்கிலாந்து முழுக்க அச்சடித்த ஞானஸ்நானப் படிவம் வந்தது. அதற்கு முன் வெறும் பெயர்கள்தான். அதற்குப் பின் அப்பாவின் தொழில், குடியிருந்த இடம், ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் கையெழுத்து எல்லாம் உண்டு. வில்லியம் 1806 என்றாலும் 1813-க்குப் பிறகு பிறந்த தங்கையோ தம்பியோ இருந்தால் அப்பா நெசவாளியா என்று தெரிந்துவிடும். டிரோபிரிட்ஜில் இன்னொரு சுவாரசியம்: 1814 முதல் 1832-இல் சாகும்வரை அங்கே ரெக்டராக (தலைமைப் பாதிரியாராக) இருந்தவர் ஜார்ஜ் கிராப், ஆங்கிலக் கவிஞர். உங்கள் ஆளின் தங்கை ஞானஸ்நானத்தில் அவர் கையெழுத்து இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. டிரோபிரிட்ஜ் துணி நெசவு ஊர், பாப்டிஸ்டுகள் நிறைய. பாப்டிஸ்ட் வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நானமே கிடையாது, பிறப்பை மட்டும் சபைப் புத்தகத்தில் எழுதுவார்கள். அந்தப் புத்தகங்களில் பலவும் 1837-க்குப் பின் அரசாங்கத்திடம் போய், கியூவில் ஆர்.ஜி. 4 என்ற வரிசையில் இருக்கின்றன. சர்ச் பதிவேட்டில் இரண்டு வில்லியம் இருப்பதால் மூன்றாவது ஒருவன் இல்லை என்று ஆகிவிடாது.

அவர் ஏன் பட்டாளத்தில் சேர்ந்திருப்பார் என்பதற்கும் ஒரு காரணம் ஊகிக்கலாம். 1825 டிசம்பரில் இங்கிலாந்தில் வங்கிகள் வரிசையாகக் கதவடைத்தன. அதன் பிறகு துணித்தொழில் ஊர்களில் வேலையே இல்லை. 1830-இல் பரங்கிமலையில் பிள்ளை பிறந்திருக்கிறது என்றால், இருபது வயதை ஒட்டிய நெசவாளிப் பையன் அந்தப் பஞ்சத்தில்தான் கம்பெனியின் கூலியை வாங்கியிருக்க வேண்டும். டிப்போவில் சேர்ந்த தேதியைப் பாருங்கள், தெரியும்.

வழக்கு விஷயம். மெட்ராஸ் படையின் ஜெனரல் ஆர்டர்ஸில் கோர்ட் மார்ஷல் முடிவுகளை வெளியிடுவார்கள். அவற்றையும் ராணுவத் துறைக் கன்சல்டேஷன் (அரசு ஆலோசனைப் பதிவு) தொகுதிகளையும் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். 1909-இல் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸுக்காக எழுப்பிய அதே சிவப்புக் கட்டடம். 1832-க்கு இன்டெக்ஸைக் கேளுங்கள். உள்ளே போகும் முன் அனுமதிக் கடிதம் தயார் செய்துகொள்ளுங்கள், ஆதார் நகலும் வையுங்கள்.

மெல்போர்ன் மயிலாப்பூர்:

இந்தத் திரியைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. நான் இங்கே வந்து பல வருஷமாகிறது, கைதிப் பதிவுகள் எனக்குப் பொழுதுபோக்கு.

7 ஆண்டு தண்டனை என்றால் முடிந்ததும் அவருக்கு 'சர்டிஃபிகேட் ஆஃப் ஃப்ரீடம்' கொடுத்திருப்பார்கள். ஆயுள் தண்டனைக்காரர்களுக்குத்தான் அது கிடையாது, அவர்கள் மன்னிப்புக்குக் காத்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழில் பிறந்த ஊர், பிறந்த வருஷம், தொழில், அங்க அடையாளம் எல்லாம் மறுபடி எழுதியிருக்கும். இன்டென்டோடு ஒப்பிடுங்கள். இடையில் நல்ல நடத்தைக்கு 'டிக்கெட் ஆஃப் லீவ்' (தண்டனை முடியும் முன்பே தனக்காக வேலை பார்க்க அனுமதி) கிடைத்ததா, எந்த மாவட்டத்தில் வேலை பார்த்தார் என்பதும் தெரியும். நியூ சவுத் வேல்ஸ் அரசு ஆவணக் காப்பகத்தின் இன்டெக்ஸை வீட்டிலிருந்தே தேடலாம், காசு கிடையாது. அவர் டாஸ்மேனியாவுக்குப் போயிருந்தால் உங்களுக்கு இன்னும் அதிர்ஷ்டம். அங்கே அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் பெயர்வரை கேட்டு எழுதிய பதிவேடுகள் உண்டு.

கைதி கல்யாணம் செய்ய வேண்டுமென்றால் அரசாங்கத்திடம் அனுமதி கேட்க வேண்டும். 1826 முதல் 1851 வரை அந்த விண்ணப்பப் பதிவேடுகள் இருக்கின்றன. கப்பலிலிருந்து இறங்கும்போது 'மணமானவர்' என்று சொன்ன ஆளுக்கு, மனைவி இறந்துவிட்டாள் என்று காட்டாமல் அனுமதி கிடைப்பது கஷ்டம். உங்கள் வில்லியம் விண்ணப்பித்தாரா, என்ன பதில் வந்தது என்று பாருங்கள். மெட்ராஸில் அந்த அம்மா உயிரோடு இருந்தபோது அவர் அங்கே என்ன சொன்னார் என்பது உங்களுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன்.

ட்ரோவ் என்ற தேசிய நூலகத் தளத்தில் சிட்னிப் பழைய பேப்பர்கள் எல்லாம் இலவசம். கப்பல் வருகைப் பகுதியில் 'மெட்ராஸிலிருந்து' என்று 1833-இல் தேடினால் அவர் வந்த கப்பலும், வழியில் எங்கெங்கே நின்றது என்பதும் கிடைக்கலாம்.

கடலோடி:

எழும்பூர் சார், ஒரு சந்தேகம். நெசவாளிப் பையன் இவ்வளவு தூரம் வந்து, குடும்பமும் ஆன பிறகு, ஏன் இப்படித் தலையைக் கொடுத்தார்? வேண்டுமென்றே செய்திருப்பாரா?

எழும்பூர் காகிதம்:

அப்படிச் செய்தவர்கள் உண்டு தம்பி. 1826-இல் சிட்னியிலேயே 57-ஆவது ரெஜிமென்டில் சட்ஸ், தாம்ப்சன் என்று இரண்டு சிப்பாய்கள். பட்டாளத்தைவிடக் கைதி வாழ்க்கை மேல் என்று வேண்டுமென்றே துணி திருடி மாட்டினார்கள். கவர்னர் டார்லிங் அவர்களுக்கு விலங்கு பூட்டி அணிவகுப்பில் அவமானப்படுத்தினார். சட்ஸ் சில நாளில் செத்துப் போனான், அது பெரிய விவகாரமாகிவிட்டது. ஆனால் இவர் வழக்கில் காகிதத்தைப் பார்க்காமல் நான் எந்தக் காரணமும் சொல்ல மாட்டேன். குடித்துவிட்டு சார்ஜன்டைத் திட்டியவனுக்கும் அதே 'கலகத்தனம்' என்ற பெயர்தான்.

பெரம்பூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. எழும்பூர் சார், நீங்கள் சொன்ன வரிசையிலேயே போனேன்.

தாமஸ், பெட்டி தம்பதியின் வில்லியம் 1807-இல் கைக்குழந்தையாகவே அடக்கம். ஜான், ஹன்னா தம்பதிக்கு 1815-இல் ஒரு பெண் குழந்தை, பெயர் சாரா. அப்பா தொழில் நெசவாளி. பாதிரியார் இடத்தில் கிராப்! கையிலிருந்த பச்சையில் ஹெச் பி என்றால் ஹன்னா, எஸ் பி என்றால் சாரா என்று என் மனசு அடித்துச் சொல்கிறது. பட்டாளத்தில் சேரப் போகிற பையன் அம்மா பெயரையும் பத்து, பன்னிரண்டு வயதுத் தங்கை பெயரையும் கையில் குத்திக்கொண்டு கிளம்பியிருக்கிறான். 1851 சென்ஸஸில் டிரோபிரிட்ஜில் ஹன்னா பி, விதவை, சாராவின் வீட்டில் இருக்கிறார். பிள்ளை எங்கே போனான் என்று அந்த அம்மாவுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா?

சுதந்திரச் சான்றிதழும் கிடைத்தது. 1839, அதே ஊர், அதே பச்சை. கல்யாண அனுமதிப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. அதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட ஆறுதலை இங்கே எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

எழும்பூர் காகிதம்:

நல்ல வேலைம்மா. ஆனாலும் கல்வெட்டில் எழுதிவிடாதீர்கள். இரண்டு எழுத்து பொருந்துகிறது என்பது பலமான துணைச்சான்று, முடிவான சான்று இல்லை. சாத்தம் பதிவேட்டில் பாரிஷ் பார்த்த பிறகு சொல்லுங்கள். பாப்டிஸ்ட் புத்தகத்தையும் ஒரு முறை புரட்டிவிடுங்கள். இன்னொரு விஷயம், 1841 சென்ஸஸில் பெரியவர்கள் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதுவார்கள். அதில் ஹன்னாவின் வயது இடிக்கிறதே என்று குழம்ப வேண்டாம். கல்யாணப் பதிவேட்டில் பெயர் இல்லாததற்கும் பல காரணம் இருக்கலாம். 1839-க்குப் பிறகு அவர் சுதந்திர ஆள், அனுமதியே தேவையில்லை. அதையும் மனசில் வையுங்கள்.

மேரிக்கு ஒரு வழி தோன்றுகிறது. கல்யாணத்துக்கு முன் ஞானஸ்நானம் வாங்கிய பெரியவர்கள் பெயரும் அதே பதிவேடுகளில் வரும். பரங்கிமலையின் ஆண்டறிக்கைப் படிகள் லண்டனில் என்/2 வரிசையில் உள்ளன. அதில் 1827 முதல் 1830 வரை 'வயது வந்தவர்' என்று குறித்த மேரிகளைப் பாருங்கள். அவள் முன்பே கிறிஸ்தவளாக இருந்தால் வேப்பேரி மிஷன் பக்கம் தேடலாம். அது 1720-களிலிருந்தே தமிழ்ச் சபை உள்ள இடம். கத்தோலிக்க வீட்டுப் பெண் என்றால் மலைமேல் உள்ள கோயில், அடிவாரத்திலுள்ள கோயில், இரண்டின் பதிவேடுகளும். அப்பா தீவாந்தரம் போன பிறகு பையன் எங்கே வளர்ந்தான்? எழும்பூரில் சிப்பாய்களின் ஆண் பிள்ளைகளுக்கான 'மேல் அசைலம்' என்ற ஆதரவற்றோர் இல்லம் 1789-லிருந்தே இருந்தது. சேர்க்கும்போது அம்மா கையெழுத்தோ கைநாட்டோ கேட்டிருக்கலாம்.

பெரம்பூர்வாசி:

சார், பையன் அசைலத்தில்தான் வளர்ந்தான் என்று பாட்டியும் சொல்வார். பிறகு மெட்ராஸ் ரயில்வேயில் சேர்ந்தார், ராயபுரத்திலிருந்து 1856-இல் முதல் வண்டி ஓடிய காலத்திலேயே. அப்படித்தான் நாங்கள் பெரம்பூர்க்காரர்கள் ஆனோம்.

சாத்தம் பக்கத்தை லண்டனில் ஒரு தோழியின் மகள் பார்த்துப் படம் எடுத்து அனுப்புகிறாள். வேப்பேரி சபை அலுவலகத்தில் பேசிவிட்டேன், 1820-களின் தமிழ்ப் பதிவுகளைக் காட்டச் சம்மதித்தார்கள். அந்தக் காலத்துத் தமிழ்க் கையெழுத்து, புள்ளி இல்லாத எழுத்து எனக்குப் படிக்க வராது. பழைய கையெழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேப்பேரிக்கு வர முடியுமா? போக வரச் செலவு என்னுடையது, மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

எழும்பூர் காகிதம்:

நான் வருகிறேன்மா. பூதக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது. மேரி என்று மட்டும் தேடாமல் மரியாள், மரியம்மாள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும், அரை நாள் பிடிக்கும். பையனின் ஞானஸ்நான நகலைக் கொண்டுவாருங்கள். சாட்சிகள் பெயரில் தமிழ்ப் பெயர் ஏதாவது இருந்தால் அவர்கள் அவளுடைய உறவாக இருக்கலாம், அங்கிருந்து தொடங்குவோம்.